டாக்டர் அறையில் மூன்றாவது நாற்காலி

போன மாதம் நம் பிள்ளைகள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கோலா கிளாவாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு பேருடைய பாட்டிமார் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். கையில் இருபத்திரண்டு பக்கக் கதை. “சைக்கோ ஹாரர் லா, தாத்தா. ஒரு மனநல டாக்டர், ஒரு நோயாளிப் பொண்ணு, பழைய துரை பங்களா. ராத்திரியானா அவ வேற ஆளா மாறிடுவா” என்றான் ஒருவன். படித்துவிட்டு ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். சொல்ல உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. தெரிந்தது இரண்டு வேலை. மலேசியாவில், ஜெலுபு வட்டார ரப்பர்த் தோட்டங்களில் முப்பது வருடம் டிரஸர், அதாவது மருத்துவ உதவியாளர், உத்தியோகம் பார்த்தேன். அதோடு, சம்பளமில்லாமல், மாதம் ஒரு சனிக்கிழமை தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் ஓட்டுகிறவர்களுக்குக் கூடமாட நின்றேன். மனசு கெட்டுப்போன மனிதர்களைப் பகலில் பார்த்தேன். சினிமா அவர்களை எப்படிக் காட்டுகிறது என்பதை இரவில் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் ‘மணிச்சித்திரத்தாழ்’ பார்த்துவிட்டு வாருங்கள். ‘சந்திரமுகி’ பார்த்துவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ‘சந்திரமுகி’ எனக்கும் பிடிக்கும். 2005 சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த படம், தோட்டத்திலிருந்து வேன் பிடித்துச் சிரம்பானுக்குப் போய்ப் பார்த்தோம். சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளைத் தாண்டி ஓடியது. ஆனால் அதில் டாக்டர் சரவணன் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே பத்துப் பேரை அடித்துப் போட்டுவிடுவார். ரஜினி படம், அப்படித்தான் இருக்கும். மூலக்கதை 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம், கதை எழுதியவர் மது முட்டம். அதில் மோகன்லால் நடித்த டாக்டர் சன்னி படம் வெகுநேரம் போன பிறகுதான் வருகிறார். கோமாளித்தனம் செய்துகொண்டு வீடெல்லாம் சுற்றுகிறார். சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார் என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. நோயாளி கங்கா வளர்ந்த ஊருக்கே போய் அவள் சிறுவயதுக் கதையைக் கேட்டு வருகிறார்.

அந்தப் படத்தில் என்னை உலுக்கிய இடம் இருட்டில் நடப்பதில்லை. கங்கா துணிமணியும் நகையும் வாங்கக் கடைக்குப் புறப்பட்டு நிற்கிறாள். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, முதலில் சரி என்ற கணவன் இப்போது போக வேண்டாம் என்கிறான். ஒரு சின்ன ‘வேண்டாம்’. அந்த ஒரு சொல்லில் அவள் முகம் மாறுகிறது, குரல் மாறுகிறது, கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். படுக்கையறை, விளக்கு வெளிச்சம், தாலி கட்டியவன் முன்னால் நிற்கிறான். பேய் வந்ததற்கான எந்த ஏற்பாடும் இல்லை. கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு அந்த ஆண்டு தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. உங்கள் இருபத்திரண்டு பக்கத்தில் பதினோரு இடத்தில் ‘கதவு தானாகத் திறக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன்.

2. உங்கள் பேய் எந்த மொழி பேசும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மலையாளப் படத்தில் கங்கா மாறிப்போகிற நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி, அவள் பேசுவது தமிழ். அதையே பி. வாசு தமிழில் எடுத்தபோது சந்திரமுகி ஆந்திரப் பக்கத்துக்காரி ஆகிவிட்டாள், தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் 2007இல் பிரியதர்ஷன் எடுத்தார், அங்கே மஞ்சுலிகா வங்காளி. பாருங்கள், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டுப் பைத்தியத்தை அடுத்த வீட்டு மொழியில் பேச வைக்கிறார். நம் பெண் நம் மொழியிலேயே அப்படிக் கத்தினால் தாங்க மாட்டோம் போலிருக்கிறது. அந்த மலையாளப் படத்தின் அரண்மனைக் காட்சிகளில் சில பத்மநாபபுரத்தில் எடுத்தவை. அந்த அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. பேய்க்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் அதே தகராறுதான்.

உங்கள் கதையில் அந்தப் பெண் ராத்திரியில் மலாய் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, “கேக்க பயமா இருக்கும் தாத்தா” என்று பதில் வந்தது. யாருக்குப் பயமாக இருக்கும்? பஸ் நிறுத்தத்தில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற மலாய்க்காரப் பிள்ளை உங்கள் படத்தைப் பார்த்தால் அவனுக்கு என்ன தோன்றும்? நம் ஊரில் நிலைமை தலைகீழ். இங்கே நோயாளி தன் சொந்த மொழியைத்தான் பேசுவார், கேட்கிறவருக்குத்தான் அது புரியாது. அடுத்த எண்ணில் அதைச் சொல்கிறேன்.

3. டாக்டர் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது ஒன்று போடுங்கள்.

அதில் உட்கார்ந்தவன் நான். தோட்டத்து ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், டாக்டர் மலாயில் கேட்பார், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் கேட்பார். நம் ஆள் தமிழில் சொல்வார். நடுவில் டிரஸர். முதல் தடவை நடந்தது சிரிப்பு. ஒரு அம்மா, “காத்து பட்டிருச்சு ஐயா” என்றார். நானும் அப்படியே ‘மாசோக் ஆங்கின்’ என்று சொல்லிவைத்தேன். மலாயில் அதற்கு வயிற்றில் வாயு சேர்ந்துவிட்டது, உடம்பில் குளிர் ஏறிவிட்டது என்று அர்த்தம். காத்து கருப்பைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வயிற்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது, புக்கிட் தங்கா வளைவுகளில் அந்த அம்மா வாந்தி எடுத்ததற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன்.

இரண்டாவது நடந்ததற்குச் சிரிக்க முடியாது. எழுபதுகளின் கடைசி. நல்ல பால்வெட்டுக்காரர் ஒருவர். ரப்பர் மர நிரையில் நின்றுகொண்டு மரத்தோடு பேச ஆரம்பித்தார். பிறகு மரங்கள் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கின்றன என்றார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வருவதை நிறுத்தினார். மனைவி அழுதுகொண்டே என்னிடம் வந்தார். அழைத்துப் போனேன். டாக்டர் இளம் வயது, நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். நம் ஆள் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “மனசு பாரமா இருக்கு.”

நான் ‘ஹாத்தி பெராட்’ என்று மொழிபெயர்த்தேன். ஹாத்தி மனசு, பெராட் பாரம். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் மலாய்க்காரருக்கு அந்தச் சேர்க்கை தயக்கத்தைக் குறிக்கும், மனம் ஒப்பவில்லை என்று பொருள். டாக்டர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். சிகிச்சைக்கு உடன்பட மறுக்கிறார் என்ற பொருளில் ஏதோ எழுதியிருந்தார். அந்த மனிதர் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக உதவி கேட்டிருக்கிறார். என் வாய் வழியாக அது மறுப்பாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது புரியவே இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு மலாய் நண்பரின் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா அந்தச் சொல்லைச் சொன்னபோதுதான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு நடுக்கம் வேண்டுமென்றால் இந்த அறையை எடுங்கள். நோயாளி பேசுவது பார்ப்பவருக்குப் புரிகிறது. டாக்டர் பேசுவதும் புரிகிறது. நடுவிலிருப்பவன் தவறாகச் சொல்கிறான் என்பதும் புரிகிறது. கத்திச் சொல்ல மட்டும் வழியில்லை.

4. நோயின் பெயரைத் தூவாதீர்கள். உங்கள் கதையில் டாக்டர் மூன்றாம் பக்கத்தில் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்கிறார், பதினெட்டாம் பக்கத்தில் ‘ஸ்பிளிட் பர்சனாலிட்டி’ என்கிறார். இரண்டும் ஒன்றில்லை. குழப்பத்துக்கு நீங்கள் காரணமில்லை, பெயர் வைத்தவர்தான் காரணம். 1908இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஓய்கன் பிளாய்லர், பிளந்த மனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். உலகமே இரண்டு ஆள் ஒரே உடம்பில் என்று நினைத்துக்கொண்டது. மனச்சிதைவில் ஆள் மாறுவதில்லை. இல்லாத குரல் காதில் கேட்கும், தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றும், குளிக்க மறந்துபோகும், பேச்சு அறுந்து அறுந்து வரும். உலகத்தில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு வருகிற நோய் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கங்காவுக்கும் ‘அந்நியன்’ படத்து அம்பிக்கும் சொன்னது வேறு, ஆளுமைப் பிளவு. நான் முப்பது வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சினிமாவில் மட்டும் மாதம் ஒன்று பார்த்தேன்.

5. டாக்டரைச் சரியாக உட்கார வையுங்கள். மேசைக்குப் பின்னால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சுவரில் மூளைப் படத்தை மாட்டிக்கொண்டு, இதெல்லாம் நாடக டாக்டர். நிஜத்தில் கொஞ்சம் பழகிய டாக்டர் கதவுக்குப் போகிற வழி தனக்கும் மறிபடாமல், நோயாளிக்கும் மறிபடாமல் நாற்காலியைப் போடுவார். பயந்த மனிதனுக்கு வெளியே போகும் வழி கண்ணில் பட வேண்டும். கேமராவை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தீர்களே, இதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு காட்சியில் அந்தக் கதவை மறித்து யாராவது நின்றால் போதும், வசனமே வேண்டாம். கேள்விகளும் சாதாரணமாக இருக்கும். ராத்திரி தூங்கினீர்களா, சோறு இறங்குகிறதா, ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றியதா. கடைசிக் கேள்வியை நேராகவே கேட்பார்கள்.

இன்னொன்று, ஏன் எப்போதும் டாக்டர் ஆண், நோயாளி பெண்? சென்னையில் சாரதா மேனன் என்று ஓர் அம்மையார் இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். 1984இல், மனச்சிதைவு நோயாளிகளுக்காகவே ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021இல் காலமானார், வயது தொண்ணூற்றெட்டு. உங்கள் குழுவில் நடிக்கத் தெரிந்தவள் அந்தத் தங்கச்சி ஒருத்திதான், என் வீட்டு வாசலில் நின்று பேசும்போதே பார்த்தேன். அவளைப் போய்த் தலைவிரி கோலமாக நிறுத்துகிறீர்கள். டாக்டர் நாற்காலியில் உட்கார வையுங்கள்.

6. கரண்ட் வைக்கிற காட்சியை எடுத்துவிடுங்கள். 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய முறை அது. ஆரம்ப காலத்தில் பார்க்கக் கொடூரமாகத்தான் இருந்தது. இன்றைக்கு மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான் செய்கிறார்கள். கடுமையான மனச்சோர்வில் சோறே இறங்காமல் கிடந்தவர்கள் அதனால் எழுந்து உட்கார்ந்ததும் உண்டு. உங்கள் படத்தைப் பார்த்துப் பயந்து ஒரு குடும்பம் அந்தச் சிகிச்சைக்கு மாட்டேன் என்று சொன்னால் அந்தப் பாவம் யாருக்கு?

7. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ ஜோக் வேண்டவே வேண்டாம். பேராவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊர் அது. 1911இல் ஆங்கிலேயர் அங்கே மனநோயாளிகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி கட்டினார்கள். அன்றிலிருந்து ஊரின் பெயரே வசவு ஆகிவிட்டது. லயத்தில் சண்டை வந்தால், “உன்ன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்பார்கள். ஜொகூர்க்காரர்கள் தங்கள் பக்கத்து மனநல ஆஸ்பத்திரி இருக்கும் தம்போயைச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆஸ்பத்திரிக்குப் பிற்காலத்தில் பஹாகியா என்று பெயர் மாற்றினார்கள். மகிழ்ச்சி என்று அர்த்தம். பெயர் மாறியது, வசவு மாறவில்லை. நோயாளியை அழைத்துப்போகும் நாளில் குடும்பம் விடியுமுன்னே புறப்படும், அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது என்று. கேட்டால் சிரம்பானில் உறவுக்காரர் வீட்டுக் காரியம் என்பார்கள். திரும்பி வந்தவருக்குக் கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். அந்தக் காலி இலையைக் காட்டுங்கள்.

8. கோடாங்கியைக் கோமாளி ஆக்காதீர்கள், கடவுளும் ஆக்காதீர்கள். தோட்டத்தில் யாருக்காவது புத்தி பேதலித்தால் முதலில் போவது முனியாண்டி கோயிலுக்கு. அங்கே உடுக்கை அடித்து, திருநீறு போட்டு, யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். வாழ்நாளெல்லாம் மாமியாருக்கும் கங்காணிக்கும் பயந்து வாயைத் திறக்காத ஒரு பெண்ணைப் பார்த்து, “என்ன வேணும், சொல்லு” என்று ஊரே கூடிக் கேட்ட இடம் அது ஒன்றுதான். தமிழில்தான் கேட்டார்கள், அதையும் கவனியுங்கள். ‘மணிச்சித்திரத்தாழ்’ சாமர்த்தியமும் அங்கேதான் இருக்கிறது. கடைசியில் டாக்டரும் மாந்திரீகரும் சேர்ந்துதான் அந்தச் சடங்கை நடத்துகிறார்கள். பலகை திரும்புகிறது, ஆளுக்குப் பதில் பொம்மை வெட்டுப்படுகிறது. டாக்டர் அவள் நம்பிக்கைக்குள் புகுந்து வெளியே வருகிறார். அது வைத்திய சாஸ்திரம் இல்லை என்று மனநல மருத்துவர்கள் சொல்வார்கள். சரிதான். நல்ல நாடகம்.

ஆனால் அதே நம்பிக்கை சங்கிலியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம், 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை ஒட்டி நடத்தப்பட்ட மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. உங்கள் நோயாளியின் காலில் சங்கிலி போட்டிருக்கிறீர்கள், மேலே நீல விளக்கு, பின்னணியில் புகை. அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஏர்வாடியை வாசித்த பிறகும் அப்படித் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

9. பங்களா வேண்டாம். துரை பங்களாவில் பேய் என்று எடுத்த படங்களை வரிசையாக நிறுத்தினால் இங்கிருந்து தித்தி வரை போகும். தித்தி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் 1942 மார்ச்சில் சப்பான்காரன் ஒரு சீனக் கிராமத்தையே அழித்தான், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே போய், ‘லொக்கேஷன் செமயா இருக்கு’ என்று கேமராவைத் தூக்காதீர்கள்.

நம் தோட்டமே போதும். நாலு பக்கமும் மலை. காலை எட்டு மணி வரை புக்கிட் தங்காவில் பனி விலகாது. அதைவிடப் பெரிய சொத்து சத்தம். காய்ந்த வெயிலில் ரப்பர்க் கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் செம்பனைக் காலத்துப் பிள்ளைகள், கேட்டிருக்க மாட்டீர்கள். பட்டென்று ஒன்று, பிறகு நீண்ட அமைதி, எங்கோ இன்னொன்று, விழுந்து உருள்கிற சத்தம். தனியாக நிரையில் நிற்கிறவனுக்கு யாரோ நடக்கிற மாதிரியே இருக்கும். புத்தி தெளிவாக இருக்கிறவனே திரும்பிப் பார்ப்பான். காதில் ஏற்கெனவே குரல் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும்? ரப்பர் மரம் இன்னும் நிற்கிற சிறுதோட்டம் ஏதாவது ஒன்றுக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்யுங்கள். கொசு மருந்து கொண்டு போங்கள்.

10. பழைய ராணியும் சலங்கையும் நமக்கு எதற்கு? நமக்குச் சொந்தமான ஆவி ஒன்று இருக்கிறது, சயாமிலிருந்து வந்தது. 1942இல் தொடங்கி ஏறத்தாழ ஒரே வருடத்தில் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இரும்புப் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சப்பான்காரன் ஏற்றிப் போனான். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் போனவர்கள் போக, மிச்சம் வந்தவர்களில் சிலரை நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர், லயத்து வாசலில் யாராவது லாரியை நிறுத்தினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். பேரப்பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கி, வாயாலேயே லாரி ஓட்டுவார்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். அவருக்கு நான் கொடுத்தது தூக்க மாத்திரை. அந்தக் காலத்தில் அதற்கு வேறு பெயரும் எனக்குத் தெரியாது, வேறு மருந்தும் தெரியாது.

அவரை நோயாளியாக வையுங்கள். டாக்டருக்கு முப்பது வயது, சரித்திரம் பள்ளிக்கூடத்தில் அரைப் பக்கம் படித்தவர். பெரியவர் சொல்வதெல்லாம் பிரமை என்று எழுதிக்கொண்டே வருகிறார். எது பிரமை, எது நடந்தது என்று தேடப் போகும்போது, நடந்ததுதான் அதிகமாக இருக்கிறது. இந்தக் கதையை நான் எழுதியிருப்பேன், சோம்பேறித்தனம். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம்.

11. கடைசியில் ‘டாக்டர்தான் பைத்தியம்’ என்று முடித்திருக்கிறீர்கள். 1920இலேயே ஜெர்மனியில் ‘டாக்டர் காலிகரி’ படத்தில் அந்த வித்தையைக் காட்டிவிட்டார்கள். காட்டியதோடு நிற்காமல் இன்னொரு தடவை திருப்பியும் போட்டார்கள், கதை சொல்கிறவனே ஆஸ்பத்திரி நோயாளி என்று. நூறு வருடத்துக்கு முந்திய பேசாப் படம், பார்த்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. கோணலான சுவர்களை அட்டையிலும் துணியிலும் வரைந்தே வைத்திருப்பார்கள், செலவில்லாமல் படம் எடுப்பது எப்படி என்றும் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

விளக்கவுரையும் வேண்டாம். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960இல் வந்தது. அவ்வளவு பெரிய படத்தின் முடிவில் ஒரு மனநல டாக்டர் வந்து நின்று நீளமாகப் பாடம் நடத்துவார். அந்த இடத்தில் திடலில் எல்லோரும் கடலை வாங்க எழுந்துவிடுவார்கள். அடுத்து, கொலை செய்த பையனின் முகம் திரையில் வந்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள், கையில் கடலைப் பொட்டலத்தோடு. முகம் போதும் என்பது படிக்காத சனத்துக்கே தெரிந்திருந்தது.

12. சாவைக் காட்டுவதாக இருந்தால், வழியைக் காட்டாதீர்கள். தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு என்னிடம் தூக்கி வரப்பட்டவர்களின் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாராக்குவாட்டை அரசாங்கம் 2020 ஜனவரியிலிருந்து தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கிற சட்டப் பிரிவை 2023இல் நீக்கினார்கள். அதற்கு முன்னால், பிழைத்தவர் போலீசுக்கும் பயப்பட வேண்டியிருந்தது. உங்கள் கதையில் அந்த டப்பாவுக்குக் குளோசப் இருக்கிறது. கிழித்துப் போடுங்கள்.

13. ரத்தத்துக்கு வைத்திருக்கிற காசை ஒலிக்குப் போடுங்கள்.

14. நோயாளி வீடு திரும்புவதை எடுங்கள். யாரும் எடுப்பதில்லை. கங்காகூட, தெளிந்ததும் கணவனோடு காரில் ஏறிப் போய்விடுகிறாள், நமக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் என்ன சமைத்தாள்?

மூன்றாம் எண்ணில் சொன்ன பால்வெட்டுக்காரர் மூன்று வருடத்துக்கும் மேலாக வெளியே இருந்துவிட்டுத் திரும்பினார். கோலா கிளாவாங் பஸ் நிலையத்துக்கு மோட்டாரில் போய் நான்தான் அழைத்து வந்தேன். கையில் ஒரு துணிப்பை, அதில் மாத்திரை. உடம்பு பருத்திருந்தது, கை லேசாக நடுங்கியது, மருந்தின் குணம் அது. வழியெல்லாம் பேசவில்லை. நானும் ‘ஹாத்தி பெராட்’ விஷயத்தைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே வந்தேன். தோட்டத்து வளைவு வந்ததும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

அவர் இல்லாத காலத்தில் கம்பெனி அந்தப் பக்கத்து ரப்பரையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டிருந்தது. அவருடைய நிரை இருந்த இடத்தில் இடுப்புயரக் கன்றுகள், நடுவில் வெறும் செம்மண். அவரோடு பேசிய மரங்கள், அவரைப் பற்றிப் பேசிய மரங்கள், ஒன்றுகூட இல்லை. மோட்டாரை விட்டு இறங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, மெதுவாகக் கேட்டார்:

“ஐயா, உங்களுக்கும் இப்படித்தான் தெரியுதா?”

“ஆமாண்ணே, எனக்கும் இப்படித்தான் தெரியுது” என்றேன். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து மோட்டாரில் ஏறிக்கொண்டார்.